வழிநூலும் வழுவும்: குரங்குத் தீவுத் தொடரின் நான்காம் பகுதி குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒருவர் தொடங்கிய கதையைப் பிறிதொருவர் தொடர்வதும், ஒரு நூலின் புகழ்பற்றி அதன் வழியே மற்றொரு நூல் எழுவதும் தமிழுலகிற்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரத்தின் கதைத் தொடர்ச்சியாக மணிமேகலை நிற்கின்றது. கம்பர் பாடி நிறுத்திய இடத்திலிருந்து ஒட்டக்கூத்தர் தொடர்ந்து பாடியதாக உத்தரகாண்டம் வழங்கப்பெறுகின்றது. இத்தகைய தொடர்ச்சிகளைக் கற்போர் உள்ளத்தில் எழும் முதல் வினா, முன்னையதன் சுவை இதன்கண் உண்டா என்பதே. உண்டு என்பாரும் இல்லை என்பாரும் எக்காலத்தும் இருப்பர். ஆயின், இல்லை என்னும் அம்மனக்குறை படிப்போரின் பழக்கத்தால் விளைந்ததா, நூலின்கண் உள்ள குறையால் விளைந்ததா என்று பிரித்தறிதல் திறனாய்வாளன் கடன். பிரித்தறியாது கூறும் குறை வெறும் ஏக்கமாகவே முடியும்.

பிரித்தறிதற்குரிய அளவுகோல் ஒன்றனை நம் இலக்கண நூலார் முன்னரே தந்துள்ளனர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துவர். அவற்றுள் வழிநூலுக்கு அவர் கூறும் இலக்கணத்தில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருத்தல் ஒன்று. பின்வருவோன் தான் விரும்பும் வேறுபாட்டினைச் சேர்த்தல் மற்றொன்று. மரபு அழியாதிருத்தல் பிறிதொன்று. இம்மூன்றனுள் நடுவண் நிற்பதனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். வேறுபாடு வழிநூலுக்குக் குற்றம் அன்று. அஃது அதன் உரிமை. மரபு அழிதலே குற்றம். ஆதலின், ஒரு தொடர்ச்சி நம்மை ஏமாற்றியது என்று கூறுமுன், அது மாற்றியது எதனை, அழித்தது எதனை என்று வினவல் வேண்டும்.

இவ்வளவுகோல் கொண்டு ஈண்டு ஆராயப் புகுவது ஏட்டில் எழுதிய காப்பியம் அன்று. கணினித் திரையில் ஆடப்பெறும் கதைத்தொடர் ஒன்று. ஆங்கிலத்தில் 'மங்கி ஐலண்ட்' என வழங்கும் அத்தொடரைக் குரங்குத் தீவுத் தொடர் என இக்கட்டுரை குறிக்கும். தமிழாய்வு இதழில் இதற்கு இடம் யாது என ஒருசாரார் வினவலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தை அடுத்த திருவல்லிக்கேணியின் மேன்ஷன் அறைகளிலும், அதற்கு அணித்தாகக் கணினிப் பொருள் வாணிகத்திற்குப் பேர்பெற்ற ரிச்சி தெருவிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கணினி விளையாட்டும் கதை கேட்கும் முறைகளுள் ஒன்றாயிற்று. கதையும் மாந்தரும் உரையாடலும் நகையும் உள்ள இடத்தில் இலக்கியத் திறனாய்வுக்கும் வேலை உண்டு. மேலும், இத்தொடரின் உயிர்நிலை சொல்லாட்சியே ஆகலின், தமிழ் பயில்வார்க்கு இதன்கண் அறிதற்குரியது பெரிது.

தொடரின் வரலாறு

குரங்குத் தீவின் முதற்பகுதியாகிய 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' 1990ஆம் ஆண்டு லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. ரான் கில்பர்ட் அதனை வகுத்தார். டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் ஆகிய இருவரும் அவரோடு சேர்ந்து எழுதினர். கைபிரஷ் திரீப்வுட் என்னும் இளைஞன் கடற்கொள்ளையன் ஆகும் வேட்கையோடு கரீபியக் கடலின் மெலே தீவுக்கு வருகின்றான். வாட்போர், களவு, புதையல் தேடல் ஆகிய மூன்று தேர்வுகளில் அவன் வெல்லல் வேண்டும். அத்தீவின் ஆளுநராகிய எலெய்ன் மார்லியைக் காதலிக்கின்றான். இறந்தும் அடங்காத கொள்ளையன் லெச்சக் அவளைக் கவர்ந்து செல்ல, குரங்குத் தீவு சென்று அவனை எதிர்க்கின்றான்.

1991இல் வந்த இரண்டாம் பகுதியையும் கில்பர்ட்டே வகுத்தார். 1992இல் அவர் நிறுவனத்தை விட்டு விலகினார். அப்பொழுது அது லூகாஸ் ஆர்ட்ஸ் எனப் பெயர் பெற்றிருந்தது. 1997இல் வந்த மூன்றாம் பகுதியாகிய 'தி கர்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட்' ஜோனதன் ஆக்லி, லாரி அஹெர்ன் ஆகிய இருவர் தலைமையில் உருவாயிற்று. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்த நான்காம் பகுதி 'எஸ்கேப் ஃப்ரம் மங்கி ஐலண்ட்' என்பது. அதனை வகுத்தோர் ஷான் கிளார்க், மைக்கேல் ஸ்டெம்லி ஆகிய இருவர். வெளிவந்த காலத்தில் மதிப்புரையாளர் பலர் அதனைப் பாராட்டினர். ஆயினும் தொடரை விரும்பி ஆடியோருள் மிகப் பலர், ஆண்டுகள் செல்லச் செல்ல, ஐந்தாறு பகுதிகளுள் நலிந்தது அதுவே என்னும் கருத்தில் நிலைபெற்றனர். அக்கருத்துக்கு அடிப்படை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மரபு யாது?

முதலிரு பகுதிகளால் நிறுவப்பெற்ற மரபினைத் தெளிந்தால்தான் பின்னது அழித்ததனை அறியக்கூடும். அம்மரபு மூன்று கூறுகளை உடையது.

முதலாவது, வினையும் பெயரும் கூடிய தொடரமைப்பு. இரண்டாம் பகுதியின் திரையடியில் ஒன்பது வினைச்சொற்கள் எழுதப்பெற்றிருக்கும். திற, மூடு, கொடு, எடு, பார், பேசு, தள்ளு, இழு, பயன்படுத்து என அவற்றைத் தமிழில் கூறலாம். ஆடுவோன் ஒரு வினையைத் தெரிந்து, பின் திரையிலுள்ள ஒரு பொருளைச் சுட்டுவான். வினையும் பெயரும் சேர்ந்து ஒரு வாக்கியம் ஆகும். அவ்வாக்கியமே செயல் ஆகும். நடுவில் கப்பி பொருத்திய ரப்பர்க் கோழி ஒன்று முதற்பகுதியில் கிடைக்கும். அதனைக் கம்பியோடு பொருத்தித் தீவிடைக் கடத்தலாம் என்று காணும் ஆடுவோன், உண்மையில் கண்டறிவது பொருந்தாதன போல் தோன்றும் இரு பெயர்களை இணைக்கும் ஒரு வாக்கியத்தையே. எனவே இவ்விளையாட்டில் முன்னேறுதல் என்பது புதிய வாக்கியங்களை ஆக்குதலே எனலாம்.

இரண்டாவது, வசையும் மறுமொழியும். முதற்பகுதியில் வாட்போர் பயிற்றும் ஸ்மர்க் என்னும் முதியவன், வெற்றி வாளின் கூர்மையில் இல்லை, நாவின் கூர்மையில் உள்ளது என்று இளைஞனுக்கு உணர்த்துகின்றான். ஆகவே போர் நிகழும்போது இருவரும் மாறி மாறி வசை கூறுவர். தக்க மறுமொழி கூறியவன் முன்னேறுவான், கூறாதவன் பின்வாங்குவான். அறியாத வசை எதிர்ப்பட்டால் தோல்வியே; ஆயின் அத்தோல்வியில் ஒரு புது வசை கற்கப்பெறும். அதனை வேறொருவன்மேல் எய்தால், அவன் கூறும் மறுமொழியும் கற்கப்பெறும். வெட்சிக்குக் கரந்தையும், வஞ்சிக்குக் காஞ்சியும், உழிஞைக்கு நொச்சியும் எதிராக நிற்றல்போல ஒவ்வொரு வசைக்கும் ஒரு மறுமொழி எதிர்நிற்கின்றது. இவ்வாறு பதினாறு வசையும் பதினாறு மறுமொழியும் உள்ளன.

இதன் உண்மையான நுட்பம் இறுதியில் வெளிப்படுகின்றது. வாட்போர்த் தலைவியாகிய கார்லாவை எதிர்கொள்ளும்போது, அவள் கற்ற வசைகளுள் ஒன்றையும் கூறாள். முற்றிலும் புதிய பதினாறு வசைகளைக் கூறுவாள். ஆடுவோன்பால் உள்ளவையோ பழைய மறுமொழிகளே. அப்பழைய மறுமொழிகள் புதிய வசைகளுக்கும் பொருந்துவதைக் கண்டறிதலே வெற்றிக்கு வழி. சான்றாக ஒன்று கூறலாம். ஒருவன் கைபிரஷைப் பால் கறந்து பிழைப்பவன்போல் போரிடுவதாக இழிக்கின்றான். அதற்குரிய மறுமொழி, இழித்தவனையே பசுவாக்கிவிடுகின்றது. பின்னர்க் கார்லா, அவன் உடலிலுள்ள குருதியை ஒரு சொட்டும் விடாது கறந்துவிடுவதாக அச்சுறுத்துகின்றாள். அதே பசு மறுமொழி ஆங்கும் மிகப் பொருந்துகின்றது. ஒரு சொற்றொடர் இருபொருட்கு ஏற்ப நிற்றலைச் சிலேடை என்றும் இரட்டுற மொழிதல் என்றும் நாம் வழங்குவோம். ஒரே பாட்டினைப் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பொருந்தப் பாடிய காளமேகப் புலவரின் கலையும், ஒரே மறுமொழியை இருவர் வசைக்கும் பொருந்த வைக்கும் இக்கலையும் இனத்தால் ஒன்றே. திருமலைராயன் அவையில் அதிமதுர கவியோடு மாறுபட்டு, தோற்றால் உயிர் போகும் நிலையில் காளமேகம் எமகண்டம் பாடினார் என்னும் வழக்கு, சொல்லே வாளாக நின்ற சாகசக் கதையன்றி வேறென்ன?

மூன்றாவது, நகையின் நிறைவு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறுவர். கைபிரஷின் கதையில் நான்கும் உள்ளன. வசைப்போரில் எள்ளலும், கொள்ளையன் ஆகத் துடிக்கும் வேட்கையில் இளமையும், தன் பெருமை பற்றி அவன் கொண்ட மயக்கத்தில் பேதைமையும், பிறர் சொன்னதை அப்படியே கொண்டு விடாமையில் மடனும் தோன்றுகின்றன. புதையற்படம் என்று நம்பி அவன் ஒரு தாளை விலைக்கு வாங்குகின்றான். அதில் இருப்பதோ ஆடற்கலையின் காலடிக் குறிப்பு. ஆயினும் அவ்வடிகளின்படியே காட்டில் நடந்து புதையலை அடைகின்றான். ஏமாற்றப்பட்டவனின் மடமையே அவனுக்கு வழித்துணையாகும் இந்நகை கசப்பற்றது.

இம்மரபு குற்றமே இல்லாதது என்பது நம் கருத்து அன்று. திருகுகருவி ஒன்றன் பெயரில் 'குரங்கு' என்னும் சொல் அமெரிக்க ஆங்கிலத்தில் அமைந்துள்ளது. அதுபற்றி, மயக்குற்று விறைத்து நிற்கும் ஒரு குரங்கையே அக்கருவியாகப் பயன்படுத்திக் குழாயடைப்பைத் திருக வேண்டும் என இரண்டாம் பகுதியில் ஒரு புதிர் வைக்கப்பெற்றது. அச்சொல்வழக்கினை அறியாத நாட்டார்க்கு அது விடுவிக்க இயலாப் புதிராயிற்று. தமிழ் மாணவன் ஒருவன் அவ்விடத்தில் நாட்கணக்கில் திகைத்து நிற்பின் அஃது அவன் குறை அன்று. ஆயினும் இக்குற்றமுங்கூடச் சொல்லின்மேல் வைத்த பற்றின் மிகையால் வந்ததே. சொல்லைக் கைவிட்டதால் வந்தது அன்று. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

நல்ல வழிநூல்

மூன்றாம் பகுதியைக் காணும்போது பவணந்தியார் கூறிய இலக்கணம் நன்கு விளங்குகின்றது. முதலாசிரியர் அதில் இல்லை. ஓவியமுறை முற்றிலும் மாறிற்று. கையால் வரைந்த இயங்குபடம் போன்ற தோற்றம் வந்தது. மாந்தர்க்குக் குரல் வந்தது. கைபிரஷுக்கு டொமினிக் அர்மாட்டோ குரல் கொடுத்தார். வினைச்சொற் பட்டியல் நீங்கி, கை, கண், வாய் ஆகிய மூன்று குறிகள் அதன் இடத்தில் நின்றன. இத்துணை மாறுதல் கண்டு வருந்தியோர் அக்காலத்தும் இருந்தனர்.

ஆயினும் மரபு அழியவில்லை என்பதற்கு அதன் கடற்போர்ப் பகுதியே சான்று. கைபிரஷ் கப்பல்களைத் தாக்கி, அவற்றின் தலைவரோடு வசைப்போர் செய்கின்றான். இம்முறை மறுமொழி பொருளால் மட்டும் பொருந்தினால் போதாது. வசையின் இறுதிச் சொல்லோடு ஒலியாலும் இயைதல் வேண்டும். மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்னும் தொடைவகை ஐந்தனுள் இயைபு என நாம் வழங்குவதே இது. சிறு கொள்ளையரிடம் கற்றதை, புதிய வசைகளைக் கூறும் ராட்டிங்ஹாம் என்னும் தலைவனிடம் பொருத்திக் காட்டும் அமைப்பும் அப்படியே உள்ளது. பின்வந்தோர் முதல்வரின் கலையை மீட்டுக் கூறாது, அதன்மேல் ஒரு தொடையையும் ஏற்றினர். பின்னோன் வேண்டும் வேறுபாடும் அழியா மரபும் ஒருங்கே நிற்றல் என்பது இதுதான். ஆதலின், முதலாசிரியர் இன்மையே நான்காம் பகுதியின் தளர்ச்சிக்குக் காரணம் என்று கூறுவார் கூற்றுப் பொருந்தாது. அவர் இன்றியே நல்ல வழிநூல் எழுந்தமை கண்கூடு.

நான்காம் பகுதியின் கதையும் நலனும்

கைபிரஷும் எலெய்னும் மணம்புரிந்து தேனிலவு முடித்து மெலே தீவுக்குத் திரும்புகின்றனர். எலெய்ன் இறந்துவிட்டாள் என அரசு அறிவித்துவிட்டமையால், ஆளுநர் பதவிக்குத் தேர்தல் நிகழவுள்ளது. அதில் நிற்கும் சார்லஸ் எல். சார்லஸ் என்பவன் உருமாறிய லெச்சக்கே. மற்றொருபுறம், ஆஸி மாண்ட்ரில் என்னும் ஆஸ்திரேலியச் செல்வன் கரீபியத் தீவுகளை வளைத்து, கொள்ளையர் வாழிடங்களைச் சுற்றுலா மனைகளாக மாற்ற முயல்கின்றான். அவன் தேடும் மந்திரப் பொருளுக்கு 'இறுதி வசை' என்பது பெயர். கொள்ளையரின் உள்ளத்தை முறித்து அவர்களை அடிமைப்படுத்தவல்ல வசை அது.

இக்கதைக்கருவின் கூர்மையை மறுத்தல் நேர்மை ஆகாது. கொள்ளையர் கூடிய தீவில் காப்பிக்கடைகளும் கைபிரஷின் பெயரால் நடக்கும் உணவகமும் எழுந்துள்ளன. கொள்ளையர்க்கு நன்னடத்தை கற்பிக்கும் பள்ளியொன்று ஒரு பவளத்தீவில் நடக்கின்றது. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக்குவர். வாணிகம் ஒரு பண்பாட்டை அழிக்காமலே அதனைப் பொம்மையாக்கி விற்கும் என்னும் பழிகரப்பு அங்கதம் இப்பகுதியில் உண்டு. தொடரின் மற்றப் பகுதிகளில் இத்துணைச் சமூக நோக்கு இல்லை எனலாம்.

மேலும், லூக்கர் தீவின் சதுப்புநிலத்தில் வரும் காலமயக்கப் புதிர் முழுத்தொடரிலும் சிறந்தவற்றுள் ஒன்று. தெப்பத்தில் செல்லும் கைபிரஷ் கதவொன்றின் மறுபுறத்தே எதிர்காலத்துத் தன்னையே காண்கின்றான். அவன் சில பொருள்களைத் தருகின்றான், சிலவற்றைக் கூறுகின்றான். சிறிது நேரம் கழித்து ஆடுவோன் அம்மறுபுறத்தே தானே நிற்கின்றான். இப்போது முன்கேட்ட சொல்லையும் முன்கண்ட செயலையும் அதே முறையில் பிறழாது திரும்பச் செய்தல் வேண்டும். தான் பெற்ற சொல்லைத் தானே வழங்கும் இவ்வமைப்பு, சொல்லின் மரபினை நன்குணர்ந்தார் இயற்றியது. இத்திறன் உடையார் இறுதியில் தளர்ந்தமையே மனக்குறையை மிகுவிக்கின்றது.

குற்றங்கள்

நன்னூலார் நூலுக்குக் கூறும் குற்றம் பத்தனுள் மூன்று ஈண்டுத் தெளிவாகக் காணப்படுகின்றன.

ஒன்று, மாறுகொளக் கூறல். முதற்பகுதியில் குரங்குத் தீவின் பெருங்குரங்குத் தலைச்சிலை நிலத்தடியிலுள்ள நரகக் குகைக்கு வாயில். லெச்சக்கின் பேய்க்கப்பல் அங்கே நின்றது. நான்காம் பகுதியில் அத்தலை மண்ணிற் புதைந்த ஒரு மாபெரும் இயந்திரக் குரங்கின் தலையாகிவிடுகின்றது. தீவில் தனித்து வாழ்ந்த பித்தனாகிய ஹெர்மன் டூத்ராட், எலெய்னின் காணாமற்போன பாட்டன் என்பதும் இப்பகுதியில் வெளிப்படுத்தப்பெறுகின்றது. கதையில் முரண் வருதல் ஒன்றே பெருங்குற்றம் ஆகாது. இத்தொடர் தன்னைத்தானே நகைத்துக்கொள்வதில் தொடக்கம் முதலே தயங்கியதில்லை. ஆயின் முன்னைய முரண்கள் மருமத்தைப் பெருக்கின. இரண்டாம் பகுதியின் முடிவு, கதை முழுதும் சிறுவரின் விளையாட்டோ என்னும் ஐயத்தை எழுப்பி விடையின்றி நின்றது. நான்காம் பகுதியின் முரண்களோ மருமத்தை மூடி, அதன் இடத்தில் ஓர் இயந்திரத்தையும் ஓர் உறவுமுறையையும் வைத்தன. மருமம் குறைந்தமையே ஈண்டுக் குற்றம்.

இரண்டு, சென்று தேய்ந்திறுதல். மெலே தீவிலும் லூக்கர் தீவிலும் கதை நன்கு விரிகின்றது. குரங்குத் தீவை அடைந்தபின், தொடருக்குப் பெயர் தந்த அவ்விடத்திலேயே, அது தேய்கின்றது. நகையின் நிலைக்களன் நான்கனுள் எள்ளல் ஒன்றே பெரிதும் எஞ்சி நிற்கின்றது. கைபிரஷ் மணமானவன், ஆதலின் இளமை குறைதல் இயல்பு. ஆயின் அதற்கு ஈடாகப் பேதைமையும் மடனும் கதையை நடத்தவில்லை. நிகழ்கால வாணிக நிறுவனங்களை எள்ளும் நகை, அந்நிறுவனங்களை மறந்தோர்க்கு நகையாகாது.

மூன்றாவதும் தலையாயதும் மற்றொன்று விரித்தல். குரங்குத் தீவில் ஆடுவோன் குரங்குகளோடு 'மங்கி காம்பாட்' என்னும் போரினைக் கற்றல் வேண்டும். அதில் ஐந்து நிற்கும் நிலைகள் உள. ஒவ்வொரு நிலையும் இரண்டனை வெல்லும், இரண்டனுக்குத் தோற்கும். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற மூன்று ஒலிகள் சேர்ந்த தொடரைக் கூறல் வேண்டும். அவ்வொலிகள் ஆக், சீ, ஈக், ஊப் என நான்கே. எந்த நிலைமாற்றத்துக்கு எந்த ஒலித்தொடர் என்பது ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் வேறுபடும். ஐந்து நிலைகளுக்கிடையே பத்து இணைகள் அமைதலின், ஆடுவோன் தாளும் எழுதுகோலும் கொண்டு பத்துத் தொடர்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

முதற்பகுதியின் வசைப்போரும் இதுவும் அமைப்பால் ஒன்றே: தோற்றுக் கற்றல், கற்றதைக் கொண்டு வெல்லல். வேறுபாடு எங்கே? வசையைக் கேட்ட ஆடுவோன் அதற்குரிய மறுமொழியைப் பொருள் கொண்டு ஊகிக்கலாம். ஊகம் பலித்தால் நகைப்பான். பலிக்காவிடினும் காரணம் அறிவான். ஒலித்தொடருக்கோ பொருளே இல்லை. மூன்று ஒலிகள் ஏன் ஒரு நிலையைக் குறிக்கின்றன என்பதற்குக் காரணம் யாதும் இல்லை. நிரல் அவ்வாறு குலுக்கி எடுத்தது என்பதே காரணம். பொருள் குறியாத ஒலி சொல் ஆகாது என்பது நம் இலக்கணத்தார் துணிபு. ஆகலான் இது சொற்போர் அன்று, மனப்பாடத் தேர்வே. கார்லாவின் பதினாறு வசைகளுக்கும் விடை ஆடுவோனின் மொழியறிவில் இருந்தது. குரங்கின் ஒலிகளுக்கு விடை அவன் தாளில் மட்டுமே இருக்கின்றது.

வசைப்போர் நான்காம் பகுதியில் முற்றிலும் இல்லை என்பதும் அன்று. மேசைமீது முழங்கை ஊன்றிக் கை மல்லாடும் போட்டியோடு அது இணைந்து வருகின்றது. ஆயின் கதையின் உச்சம் அதன்பால் இல்லை. இறுதிப்போரில் இயந்திரக் குரங்கை இயக்கும் கைபிரஷ், பேருருக் கொண்ட லெச்சக்கைக் குரங்கொலிகளாலேயே எதிர்கொள்கின்றான். ஈண்டுத்தான் முரண்பாடு முழுவதும் புலனாகின்றது. 'இறுதி வசை' என ஒரு சொல்லின் ஆற்றலைக் கருவாகக் கொண்ட கதை, சொல் வேண்டாத ஒலியால் முடிகின்றது. சொல்லால் மாந்தர் உள்ளத்தை முறிக்கலாம் என்று பகைவன் நம்புகின்றான். அவனுக்கு எதிராகச் சொல்லால் மாந்தர் உள்ளத்தைக் காக்கலாம் என்று காட்டும் இடம் கதையில் அமைந்திருந்தும், இயற்றியோர் அதனைக் கைக்கொள்ளவில்லை.

மறுப்பும் விடையும்

இப்பகுதிக்குச் சார்பாகக் கூறத்தக்க இரண்டு உள. குரங்குப்போர் ஒரு பகடி என்பது ஒன்று. 1990களில் புகழ்பெற்ற 'மார்ட்டல் காம்பாட்' என்னும் கைச்சண்டை விளையாட்டின் பெயரையே அது திரித்துக்கொண்டது. எனவே அதன் பொருளின்மையே அதன் நகை என்பர். இஃது ஓரளவு உண்மை. ஆயின் பகடி ஒருமுறை கூறப்பெற்று நீங்கினால் நகையாகும். மணிக்கணக்கில் ஆடுமாறு நீட்டப்பெற்றால், தான் எள்ளிய பொருளாகவே மாறிவிடும். சலிப்பினை எள்ளுவார் கேட்போரைச் சலிப்புறச் செய்தல் கூடாது.

காலத்தின் நெருக்கடி என்பது மற்றொன்று. 1990களின் பிற்பகுதியில் முப்பரிமாண உருவே புதுமை எனக் கருதப்பெற்றது. லூகாஸ் ஆர்ட்ஸ் 1998இல் 'கிரிம் ஃபாண்டாங்கோ' என்னும் விளையாட்டுக்கு ஆக்கிய இயந்திர அமைப்பே நான்காம் பகுதிக்கும் பயன்பட்டது. சுட்டி நீங்கிற்று, விசைப்பலகையால் கைபிரஷை நடத்திச் செல்லல் வேண்டும். முன்னர் ஆடுவோனின் கண் திரை முழுதும் உலவி எப்பொருளையும் சுட்டியது. இப்போது கைபிரஷ் நடந்து அணுகியதையே காண இயலும். மூன்றாம் பகுதியிலேயே மூன்று குறிகளாகச் சுருங்கிய தொடரமைப்பு இங்கே மேலும் நலிந்தது. இந்நெருக்கடி உண்மையே, இயற்றியோர் அதனைத் தாமே விரும்பித் தேர்ந்தனர் என்று கூறல் முறையன்று. ஆயினும், அதே அமைப்பில் இயங்கிய கிரிம் ஃபாண்டாங்கோ உரையாடலின் செறிவால் இன்றும் போற்றப்பெறுகின்றது. ஆதலின் கருவி குறையைப் பெருக்கியது எனலாம். குறையைப் பிறப்பித்தது எனல் இயலாது.

இதனால் அறியப்படுவது

நான்காம் பகுதிக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் இத்தொடரில் புதிய பகுதி எழவில்லை. 2009இல் டெல்டேல் நிறுவனத்தார் ஐந்து பிரிவுகளாக ஒரு பகுதியை வெளியிட்டனர். 2013இல் லூகாஸ் ஆர்ட்ஸின் விளையாட்டு ஆக்கும் பணி நிறுத்தப்பெற்றது. 2022இல் கில்பர்ட்டும் கிராஸ்மனும் மீண்டும் கூடி 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' என்னும் பகுதியை அளித்தனர். அதன் ஓவியமுறை பற்றி வெளிவருமுன்னரே கடும் பூசல் எழுந்தது. ஓவியம் மாறியமையே மரபு அழிந்தமை எனப் பலர் கொண்டனர். மூன்றாம் பகுதியின் சான்றினை அவர்கள் எண்ணியிருப்பின் அத்துணைச் சினம் எழுந்திராது. மாறத்தக்கதும் மாறத்தகாததும் எவை என அன்பர்களே பிரித்தறியாவிடின், ஆக்குவோர் பிரித்தறிவர் என எதிர்பார்த்தல் எங்ஙனம்?

தமிழ் மாணவர்க்கு இவ்வாய்வின் பயன் இரண்டு. நன்னூற் பாயிரமும் குற்றம் பத்தும் தேர்வுக்கு மனப்பாடம் செய்தற்குரியன என்னும் எண்ணம் மாணவரிடையே உள்ளது. அவை நூலை ஆராயும் கருவிகள். நேற்று எழுந்த கலைவடிவத்தையும் அளக்கவல்லன. இக்கட்டுரையில் பிறநாட்டுக் கொள்கை ஒன்றனையும் துணைக்கொள்ள நேரவில்லை என்பதே அதற்குச் சான்று.

மற்றொன்று, தமிழில் இத்தகைய கதை விளையாட்டுகளை ஆக்க விரும்புவார்க்கு உரியது. சாகசக் கதைக்கு வேண்டுவன வாளும் கப்பலும் தீவும் மட்டும் அல்ல. திருவல்லிக்கேணிச் சந்துகளில் மட்டைப்பந்து ஆடும் சிறுவர், பந்தெறிவோனுக்கும் மட்டையாளனுக்கும் இடையே எறியும் வசைகளையும் அவற்றிற்கு அக்கணமே பிறக்கும் மறுமொழிகளையும் கேட்டார்க்கு, இவ்விளையாட்டின் விதி புதியதாகத் தோன்றாது. சிலேடையும் அங்கதமும் இயைபும் உடைய மொழியில் பதினாறு அல்ல, நூறு வசைக்கும் இரட்டுற நிற்கும் மறுமொழி ஆக்கலாம். அதனை ஆக்குவோர் முதலில் மொழியைக் கற்றல் வேண்டும். உருவத்தின் பரிமாணம் பின்னர் வரலாம்.

முடிவுரை

குரங்குத் தீவின் நான்காம் பகுதி பற்றி அன்பர்கள் கொண்ட மனக்குறை வெறும் ஏக்கம் அன்று, காரணம் உடையது. முதலாசிரியர் இன்மையோ, உருவம் மாறியமையோ அதன் முதற்காரணம் அல்ல. சொல்லால் வெல்லுதல் என்னும் மரபினைச் சொல்லல்லா ஒலியால் வெல்லுதலாக மாற்றியமையே முதற்காரணம். கருவியின் நெருக்கடியும் கதை முரண்களும் அதற்குத் துணைக்காரணங்கள். முடிபு ஒருசிறை ஒத்து மரபில் திரிந்து நிற்றலின், அதனை வழிநூல் என்பதினும் சார்புநூல் என்பதே தகும். சார்புநூலாகக் கொண்டு அணுகுவார்க்கு அதன் வாணிக அங்கதமும் காலச் சதுப்பின் புதிரும் இன்றும் இன்பம் தருவன. அவ்விரண்டனையும் விலக்காமல், முதன்மூன்று பகுதிகளோடு அதனையும் ஆடி, வசைப்போரையும் குரங்குப்போரையும் அருகருகே வைத்து ஒப்புநோக்குதல், சொல்லுக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டினை மாணவர்க்குத் தெளிவிக்கும் எளிய வழியாகும்.